சக்கரவர்த்தியின் தம்பி மனைவி

குவைத்தில் அப்பாசியாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டு அம்மா ஒருநாள் என் கணவரை மாடிப்படியில் நிறுத்தி, "உங்க வைஃப் பிள்ளையை அடிக்கிறாங்களா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே மேலே வந்து அதை என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிப்பாட்டும்போது நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் மகன் அப்போது தவழ்ந்து கொண்டிருந்தான். முழங்காலிலும் முழங்கையிலும் நீலநீலமாகத் திட்டுகள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால்கூட, மறுநாள் என் விரல் பட்ட இடம் கன்றிப்போய்த் தெரியும். தோல் மெல்லிசு, வெள்ளைத் தோல், அவன் அப்பாவைப் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அடுத்தவர் பிள்ளையாக இருந்திருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லியிருப்பேன்.

நிற்கப் பழகும்போது சோபாவின் ஓரத்தில் இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். சின்ன வெட்டு. குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட காயம் வருவதும் தெரியாது, ஆறுவதும் தெரியாது. அவனுக்கு ரத்தம் நிற்கவில்லை. துணியை வைத்து அழுத்தினால் நிற்கும், எடுத்தால் கசியும். மறுநாள் தலையணை முழுக்க ரத்தம். டூட்டிக்குப் போன கணவரைப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பரிசோதனை முடிவு வந்ததும் ரத்த நோய்ப் பிரிவின் எகிப்து நாட்டு டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் இவன் உடம்பில் இல்லை. ஹீமோபிலியா. வாழ்நாள் முழுக்க இருக்கும். ரத்தம் கசியும்போதெல்லாம் ஃபேக்டர் என்ற அந்தப் பொருளை ஊசியாகப் போட வேண்டும். தாயிடமிருந்து மகனுக்கு வருவது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்து, "நீங்கள் நர்ஸ்தானே, உங்களுக்கே தெரியும்" என்றார்.

தெரியும். நாகர்கோவிலில் படிக்கும்போது எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இருந்தது. ஐரோப்பிய அரச குடும்பங்களின் நோய் என்று போட்டிருக்கும். ரஷ்ய இளவரசனை உதாரணமாகக் காட்டியிருப்பார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்து, நான் அழகாகப் பதில் எழுதி, டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டியதுகூட நினைவில் இருக்கிறது.

காரில் வரும்போது என் கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். "உங்க குடும்பத்தில யாருக்காவது உண்டுமா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போன் பண்ணினேன். கார்டு வாங்கி எண்களைச் சுரண்டிப் பேசும் காலம் அது. அம்மா எடுத்ததும் வழக்கமான நலவிசாரிப்பு எதுவும் இல்லாமல் கேட்டேன்.

"அம்மா, நம்ம குடும்பத்தில ரெத்தம் நிக்காம ஆம்பிளப் பிள்ளையள் யாராவது செத்திருக்காவளா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கார்டு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றார் அம்மா.

"யாரும் சொல்லல்ல. நான்தான் கேக்கேன்."

"எனக்க தம்பி ஒருத்தன் இருந்தான். பல்லு ஆடிச்சு, பிடுங்கி விட்டாவ. அதோட போனான்."

"இத்தன வருசமா எங்கிட்ட ஏம்மா சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ல? வீட்டில ஆரும் அவனப் பத்திப் பேசப்பிடாதுண்ணு சொல்லிட்டாவ. பொம்பளப் பிள்ளையளக் கெட்டிக் குடுக்கணும் பாரு." கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளைக்கு என்ன மக்களே?" என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பிக்கும்போது உண்மையாகவே கார்டு தீர்ந்துவிட்டது.

அவன் வளர்ந்தான். தரையெல்லாம் கம்பளம் போட்டோம். மேசை, கட்டில் மூலைகளில் எல்லாம் என் கணவர் ரப்பர் வெட்டி ஒட்டினார். ஏசி டெக்னீஷியன், குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் அவரிடம் எப்போதும் இருக்கும். வீடு பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். அவனுக்கு இடது முழங்காலில்தான் அடிக்கடி ரத்தம் கட்டும். பலாக்காய் மாதிரி வீங்கி, தொட்டால் அலறுவான். ஊசி போட்டு, ஐஸ் வைத்து, நாலைந்து நாள் படுக்க வைத்தால் வடியும். நாளடைவில், ஊசி போட எந்த நரம்பு நன்றாக இருக்கிறது என்று அவனே கையை நீட்டிக் காட்டுவான். "மம்மி, திஸ் ஒன். அந்த நர்ஸ் ஆன்ட்டி வேண்டாம், நீ போடு."

நாங்கள் இருந்த தெருவின் முனையில் ஒரு நெட் கஃபே இருந்தது. நடத்தியவர் காயல்பட்டினத்துக்காரர். நர்ஸ்கள் எல்லோரையும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் மாதா கோயில் பூசை முடிந்து வரும் வழியில் மகனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருவேன். அவன் பக்கத்துக் கம்ப்யூட்டரில் கார் படங்கள் பார்ப்பான். நான் இந்த நோய்க்குப் புதிதாக ஏதாவது மருந்து வந்திருக்கிறதா என்று தேடுவேன். அப்படித் தேடப் போய்த்தான் ஒருநாள் அந்த வம்ச வரைபடத்தைப் பார்த்தேன்.

இங்கிலாந்து ராணியிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து வரும் படம். நோய் வந்த பையன்களுக்கு எல்லாம் கறுப்புக் கட்டம். ரஷ்யச் சக்கரவர்த்தியின் மகனை எல்லாருக்கும் தெரியும், அவனைப் பற்றி ஒரு மூட்டை எழுதி வைத்திருந்தார்கள். அவன் தாய்க்கு ஓர் அக்காள் இருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெர்மன் சக்கரவர்த்தியின் தம்பியைக் கட்டியவள். அவளுக்குக் கீழே மூன்று மகன்கள். மூத்தவன் கறுப்புக் கட்டம், நடுவில் உள்ளவன் வெள்ளை, கடைசி மறுபடி கறுப்பு.

அவளைப் பற்றி எழுதியிருந்தது கொஞ்சம்தான். பல வாரம் வெவ்வேறு பக்கங்களில் தேடித் துண்டு துண்டாகச் சேர்த்தேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவள் தன் குட்டித் தம்பியைப் பறிகொடுத்திருக்கிறாள். சன்னலிலிருந்து விழுந்தான். பிழைத்துக்கொள்ளக் கூடிய விழுகைதான், ஆனால் உள்ளே ரத்தம் நிற்கவில்லை. பிறகு தாய் தொண்டை நோயில் இறந்தாள். அவள் வளர்ந்து, அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டுவதுபோலச் சொந்தத்திலேயே, கப்பற்படையில் இருந்த அந்தத் தம்பி இளவரசனைக் கட்டிக்கொண்டாள். முதல் பிள்ளைக்கே நோய். அதை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார்கள். கடைசிப் பையனுக்கு நாலு வயது. நாற்காலியிலிருந்து விழுந்தான், தலையில் அடி. அதோடு போனான்.

நான் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சுழல் நாற்காலியில் முட்டிபோட்டுக்கொண்டு திரைக்குள் தலையை நுழைத்துக் கொண்டிருந்தான். எழுந்துபோய் அவனைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். "என்ன மம்மி, நான் இன்னும் முடிக்கல!" என்று கத்தினான்.

அவளும் மூன்று பையன்களும் நிற்கும் ஒரு புகைப்படம் இருந்தது. கழுத்துவரை மூடிய வெள்ளைச் சட்டை. பையன்களுக்குக் கப்பல்காரன் உடுப்பு. அழகி என்று சொல்ல முடியாது. எங்கள் வார்டில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்களின் முகம் அவளுக்கு. நான் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனித்துக் கடைக்காரர், "பிரிண்ட் எடுத்துத் தரவா சிஸ்டர்?" என்றார். எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் படத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

"இது யாரு?"

"ஒரு ராஜா வீட்டு அம்மா. இவங்க அவங்களுக்க பிள்ளைங்க. இந்தப் பெரிய பையனுக்கும் ஒன்ன மாதிரிதான், ரெத்தம் நிக்காது."

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தனக்கு இருப்பது இன்னொருத்தனுக்கும் இருக்கிறது என்று அவன் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை.

"பிரின்ஸா? அவனுக்கும் ஃபேக்டர் போடுவாங்களா?"

"அப்பம் ஃபேக்டரே கிடையாது மக்களே. ஐஸ் வச்சுப் படுத்துக் கிடப்பான்."

"பாவம். தென் ஹி டைட்?"

"இல்ல. பெரிய ஆளா வளர்ந்தான். சண்டை வந்தப்ப மோட்டார் படையில, கார் ஓட்டுறவங்க கூட இருந்தான். கல்யாணம் கழிச்சான். தலை நரைக்க ஆரம்பிக்கிற வயசு வரைக்கும் இருந்தான்."

"கார்! என்ன கார்?"

அது எனக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நடுவில் உள்ளவனைக் காட்டிக் கேட்டான். அவனுக்கு ஒன்றும் இல்லை, அவன் வளர்ந்து கடல்தாண்டி மத்திய அமெரிக்காவுக்குப் போய்த் தோட்டம் வைத்துப் பிழைத்தான் என்றேன். "டாடி மாதிரி ஊரை விட்டுப் போயிட்டான்" என்று அவனே சொன்னான். கடைசிக் குட்டியை விரலால் தொட்டு, "இவன்?" என்றபோது, அடுப்பில் பால் பொங்கும் என்று எழுந்து போனேன்.

அன்றுமுதல் ஊசிக்குக் கை நீட்டும்போதெல்லாம் அவனுக்கு அந்தப் பெரிய இளவரசன் கதை வேண்டும். தெரிந்தது கொஞ்சம், மீதியை நானே கட்டிச் சொன்னேன். பனியில் கார் சிக்கிக்கொண்டது, இளவரசன் இறங்கித் தள்ளாமல் ஆட்களை வைத்துத் தள்ள வைத்தது, ஏனென்றால் முழங்கால் வீங்கிவிடும். "வெரி குட் பாய்" என்பான் என் மகன்.

அவனுக்கு ஆறு வயது ஆவதற்கு முன்னால் ஈராக் சண்டை வரப்போகிறது என்ற பேச்சு பலமானது. அப்பாசியாவில் கடைகளில் தண்ணீர் பாட்டிலும் அகல டேப்பும் தீர்ந்துபோயின. எந்த வீட்டுக்குப் போனாலும் சன்னலில் பிளாஸ்டிக் தாள். விஷ வாயு வரும், ஓர் அறையை அடைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் மட்டும் தங்கினார்கள். ஸ்கூல் பஸ்ஸில் எங்கள் மகனோடு மூன்று நாலு பிள்ளைகள்தான் போனார்கள். கீழ்வீட்டு அம்மாவும் போகும்போது சாவியை எங்களிடம் தந்துவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் என் கணவர் வந்து, "டிக்கெட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நீயும் பிள்ளையும் போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"நான் போகல்ல."

"ஒனக்காகப் போகாண்டாம், பிள்ளைக்க காரியத்தப் பாரு."

"பிள்ளைக்க காரியத்தப் பாத்துதான் சொல்லுதேன். இஞ்ச பாருங்க, உக்காருங்க."

அவரை உட்கார வைத்து, மகன் உள்ளே தொலைக்காட்சி பார்க்கும்போது, அவனுக்குச் சொல்லாத மீதிக் கதையைச் சொன்னேன். அந்தப் பெரிய இளவரசன் எப்படிச் செத்தான் என்பதை. இரண்டாம் உலகப் போரின் கடைசி. ரஷ்யப் படை வருகிறது என்று பெண்டாட்டியோடு வீட்டை விட்டு ஓடினான். வழியில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. ஒரு சின்ன ஊரில் ஒரு டாக்டர் ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அமெரிக்கப் படை வந்து, மருந்து, ரத்தம், டாக்டர் எல்லாவற்றையும் வதைமுகாமிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்காக எடுத்துக்கொண்டது. அதைத் தப்பென்று சொல்ல முடியுமா, அவர்களும் செத்துக்கொண்டுதானே இருந்தார்கள். ஆனால் இவனுக்கு ரத்தம் இல்லை. செத்தான்.

"அவன குண்டு கொல்லல்ல. ஓடினதுதான் கொன்னுது" என்றேன். "இங்க ஊசி இருக்கு. நம்ம ஊர்ல ராத்திரி பிள்ளைக்குக் கால் வீங்கினா ஊசிக்கு எங்க போவேன்? திருவனந்தபுரம் ஓடணும். அங்க இருக்கும்ணு யாரு சொன்னா?"

"அது அந்தக் காலம் பிள்ளே."

"நம்ம ஊருக்கு இந்த நோயப் பொறுத்தவரைக்கும் இன்னும் அந்தக் காலம்தான்."

அவர் எழுந்துபோய்ச் சன்னல் பிளாஸ்டிக்கில் விட்டிருந்த ஓர் ஓரத்தை அழுத்தி ஒட்டினார். "சரி. இருந்தா மூணு பேரும் இருப்போம்" என்றார்.

இருந்தோம். சண்டை தொடங்கியதும் சைரன் ஊதும்போதெல்லாம் மூன்று பேரும் படுக்கையறைக்குள் போய்க் கதவின் கீழே ஈரத்துணி வைத்து அடைப்போம். என் கணவர் மகனைத் தன் வயிற்றின்மேல் உட்கார வைத்துக்கொள்வார், ஓடிப் போய் எதிலும் இடித்துவிடக் கூடாது என்று. வெகுதூரத்தில் ஏதோ வெடிக்கும், கண்ணாடி அதிரும். "டாடி, இட்ஸ் ஜஸ்ட் தண்டர்" என்று அவன் அப்பாவுக்குத் தைரியம் சொல்வான். நான் டூட்டிக்குப் போகும் நாட்களில் முகமூடிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். ஒரு தடவை அவனுக்குக் கணுக்காலில் ரத்தம் கட்டியது. காலியான ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு வந்தோம். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ்காரர் நிறுத்தி, பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, யல்லா யல்லா என்று கையசைத்து அனுப்பினார்கள்.

பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. சன்னல் தாளைக் கிழித்தோம். டேப் ஒட்டியிருந்த பசை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, "எப்படி இருந்தீங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்கள். எனக்குள்ளே பெருமையாக இருந்தது. அந்தச் சக்கரவர்த்தியின் தம்பி மனைவிக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

அந்தக் கோடையில், பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு, ஒருநாள் காலையில் என் மகன் இட்லியைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு, "மம்மி, தலை வலிக்குது" என்றான். எனக்கு அன்றைக்கு ஆஃப். அவன் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. "எங்கயாவது விழுந்தியா மக்களே? இடிச்சியா? அடிக்க மாட்டேன், சொல்லு." "இல்ல மம்மி, ப்ராமிஸ்." அடுத்த நிமிஷம் வாந்தி எடுத்தான். அவன் வாயைத் துடைக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவன் அப்பாவிடம் வண்டியை எடுங்கள் என்று மட்டும்தான் சொன்னேன். என் குரலிலிருந்தே அவருக்கும் விளங்கியது. செருப்புப் போடாமல் ஓடினார்.

பின்சீட்டில் என் மடியில் படுத்துக்கொண்டு வந்தான். வெயில் கண்ணில் படாமல் என் ஷாலைப் போட்டு மூடினேன். "ஏசி கூட்டு டாடி" என்றான். அவர் கூட்டினார். "இன்னும்" என்றான். அதற்குமேல் கூட்ட முடியாது. ஆனாலும் அவர் கூட்டுவதுபோலத் திருகிக் காட்டினார். பிறகு அவன் பேசவில்லை.

அவர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. போன உடனே ஃபேக்டர் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள். எகிப்து டாக்டரம்மா லீவிலிருந்தவர், வீட்டிலிருந்து வந்து கூடவே நின்றார். தலைக்குள் ரத்தம். விழாமலே, இடிக்காமலே, தானாகக் கசிந்த ரத்தம். இந்த நோயில் அப்படியும் வரும். சில நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். வென்டிலேட்டர் சத்தம் எனக்கு வருஷக்கணக்காகப் பழகிய சத்தம். அவனுக்காக அது மூச்சு விடுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. டாக்டரம்மா என் தோளில் கைவைத்து, "உங்களால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தீர்கள் சிஸ்டர்" என்றார். நான் எத்தனையோ தாய்மாரின் தோளில் இதேபோலக் கைவைத்துச் சொன்ன வார்த்தைகள் அவை. அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோயில் ஆட்கள் காகித வேலையெல்லாம் பார்த்து முடித்தார்கள். அவன் பெட்டி கீழே சாமான்கள் வைக்கும் இடத்தில் இருக்க, நாங்கள் மேலே சீட்டில் உட்கார்ந்து திருவனந்தபுரம் போனோம். ஏர் ஹோஸ்டஸ் வந்து சாப்பாடு கேட்டபோது என் கணவர் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். வாங்கி, மூடி திறக்காமல், இறங்கும்வரை மடியில் வைத்திருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் என் கணவரின் அக்காள் கூடத்தில் எல்லாரும் கேட்க, "நம்ம வம்சத்தில இப்படி ஒண்ணு கிடையாது. வந்த எடத்தில இருந்துதான் வந்துது" என்றார். என் கணவர் எழுந்து நின்று, "அக்கா, இந்தப் பேச்ச இன்னொருக்கப் பேசினா நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா என்னோடு அதிகம் பேசவில்லை. சோறு போடுவார், தலையில் எண்ணெய் வைத்துவிடுவார். ஒரு மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"அவன் சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிப்போவும்."

யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. என் மகனும் அப்படித்தான் சிரிப்பான்.

"எனக்க தம்பி. பிடுங்கின பல்ல எனக்குக் காட்டிட்டு, எலி நாளைக்குப் புதுசு தரும்ணு சொன்னான். வாய் நெறையச் செவப்பு. நான் பயந்து ஓடிட்டேன். அதுக்குப் பெறவு என்ன கிட்ட விடல்ல." மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பது வருசம் ஆச்சு. யாருகிட்டயும் சொல்லல்ல பாத்துக்க."

அப்போதுதான் நான் அம்மாவிடம் அந்த இளவரசியைப் பற்றிச் சொன்னேன். தம்பி விழுந்தது, மூத்த மகன், நாற்காலியிலிருந்து விழுந்த கடைசி மகன், ரஷ்யாவில் தங்கையையும் தங்கை பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றது, எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ராஜா, ராணி என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல, "பெறவு அவ எப்பிடி இருந்தா?" என்றார்.

"ரொம்ப வருசம் இருந்தாம்மா. புருஷன் போனான், மூத்த மகன் போனான், அதுக்குப் பெறவும் இருந்தா. கடலோரத்தில ஒரு வீடு."

"ஒத்தைக்கா?"

"வெளிநாட்டுக்குப் போன மகனுக்க பிள்ளையில ஒருத்திய எடுத்து வளத்தா."

"அப்பம் சரி" என்றார் அம்மா. அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது போல இருந்தது.

லீவு முடிந்து குவைத் திரும்பினோம். அந்த வீட்டில் இருக்க முடியாமல் வேறு வீடு பார்த்தோம். காலி செய்யும்போது மேசை மூலைகளில் ஒட்டியிருந்த ரப்பரை என் கணவர் ஒவ்வொன்றாகப் பிய்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. ஒருநாள் நெட் கஃபே வழியாக வரும்போது கடைக்காரர் வெளியே வந்து, "என்ன சிஸ்டர், ஊருக்குப் போயிட்டீங்களா? எங்க நம்ம கார்க்காரர்? அவருக்குப் புதுப் படமெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த டீ கிளாஸை அப்படியே கதவோரத்தில் வைத்துவிட்டு, "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்து, தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஒரு பையன் கம்ப்யூட்டர் ஹேங்க் ஆகிவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவர் போகவில்லை. நான் நகரும்வரை அப்படியே நின்றார். படங்களை அவரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றுதான் இருந்தோம். பிறகு ஒரு மகள் பிறந்தாள். பிறந்தது பெண் என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் அழுதார். சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. நோய் அவளுக்கு வராது, ஆனால் அவள் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். பெரியவளானதும் பரிசோதித்துக்கொள்ளட்டும், முடிவு அவளுடையதாக இருக்கட்டும் என்றார் எகிப்து டாக்டரம்மா. அண்ணன் ஒருவன் இருந்தான், இன்னதால் செத்தான் என்பதை அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே சொல்லி வளர்க்கிறோம். வீட்டில் அவன் படம் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் பேசக்கூடாதது என்று ஒன்றும் கிடையாது.

போன மாதம் கார் நிறுத்தும் இடத்தில் அவள் சைக்கிள் பழகினாள். நான் கட்டட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் சறுக்கி விழுந்தாள். ஓடிப் போய்த் தூக்கினேன். முழங்கால் தோல் வழன்று ரத்தம் வந்துகொண்டிருந்தது. அழவில்லை, மறுபடி ஏறத்தான் துடித்தாள். நான் அவளைப் படியில் உட்கார வைத்து, காலைப் பிடித்துக்கொண்டு, துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரத்தம் கொஞ்சதூரம் வழிந்தது. மெதுவாகக் கறுத்தது. அப்புறம் நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றது.

"மம்மி, விடு. லேட் ஆகுது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எனக்கே வலிக்கல, நீ ஏன் அழுற?" என்று கேட்டாள்.

விட்டேன். சைக்கிளை நிமிர்த்தி ஏறிப் போனாள்.